ரொட்டி விற்ற பெண்

அல்ட்ராமேன் தொடர்களில் பெரும்பாலும் வாராவாரம் ஒரே கதைதான். ராட்சசன் வருவான், கட்டடங்கள் நொறுங்கும், படைவீரர்களின் துப்பாக்கி ஒன்றும் செய்யாது. கடைசியில் வெள்ளியும் சிவப்புமாக ஒருவர் வானுயரம் எழுந்து, நெஞ்சு விளக்கு மினுங்கி முடிப்பதற்குள் கணக்கை முடித்துவிட்டுப் பறந்துபோவார். கிளாங்கில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மலாய் மொழிமாற்றத்தில் டிவியில் பார்த்தோம், பாசார் மாலாமில் வாங்கிய வி.சி.டி.யில் பார்த்தோம், ரப்பர் பொம்மைகளின் கை கழன்று விழும்வரை சண்டை விட்டோம். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதில் எங்களுக்குக் குழப்பமே கிடையாது. எங்கிருந்தோ வந்தவன் கெட்டவன். அல்ட்ராமேனும் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்தானே என்று எங்களில் யாரும் கேட்டதாக ஞாபகமில்லை.

அந்தக் கணக்குப் பொய்த்துப்போகிற ஓர் அத்தியாயம் உண்டு. 'ரிடர்ன் ஆஃப் அல்ட்ராமேன்' தொடரின் 33ஆவது அத்தியாயம். 1971 நவம்பர் 19ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பானது. தலைப்பை 'ராட்சசனை ஆட்டுவிப்பவரும் சிறுவனும்' என்று தமிழில் சொல்லலாம். பல்கலைக்கழக விடுதியில் இருந்தபோது முதல் தடவை பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் ஆனபின் இப்போது மறுபடி பார்த்தேன். முதல் தடவை தொண்டை அடைத்தது. இரண்டாம் தடவை, ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு காட்சியைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தக் காட்சிக்கு வருவதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றங்கரையில் ஆலைகள் சூழ்ந்த ஒரு பகுதி. கைவிடப்பட்ட இடத்தில் ரியோ என்ற சிறுவன் வசிக்கிறான். தினமும் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கிறான். எதற்குத் தோண்டுகிறான் என்று யாருக்கும் தெரியாது. அவன் வேற்றுக்கிரகவாசி என்று ஊரில் ஒரு வதந்தி. பள்ளிக்கூடப் பையன்கள் அவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துத் தலையில் சேற்றுநீரைக் கொட்டுகிறார்கள். அவன் பொங்கி வைத்த கஞ்சியை உதைத்துக் கவிழ்க்கிறார்கள். பாதுகாப்புப் படையைச் சேர்ந்த கோ என்ற இளைஞன் (அல்ட்ராமேனாக மாறுகிறவன் இவன்தான்) விசாரிக்கப் போகிறான். ரியோ வடக்கே ஹொக்கைடோவில் பிறந்தவன், வேலை தேடிப் போன அப்பா திரும்பி வரவில்லை, அம்மா இறந்துவிட்டார், அப்பாவைத் தேடி வந்தவன் இங்கே அனாதையாக நிற்கிறான் என்று தெரியவருகிறது. பையன் மனிதன்தான்.

ஆனால் அவனோடு கனயாமா என்ற பெயரில் வசிக்கிற நோயாளிப் பெரியவர் மனிதரில்லை. பூமியை ஆராய வந்தவர். குளிரிலும் பசியிலும் சாகக் கிடந்த ரியோவைக் காப்பாற்றித் தன் பிள்ளையைப் போல் வைத்துக்கொண்டார். ஒரு ராட்சசனைத் தன் சக்தியால் அடக்கி வைத்திருப்பவரும் அவர்தான். ஆலைப் புகை அவர் உடம்பைத் தின்றுவிட்டது. மண்ணுக்கடியில் மறைத்துவைத்த விண்கலத்தை எடுக்கும் வலு இப்போது அவருக்கு இல்லை. ரியோ தோண்டுவது அந்த விண்கலத்துக்காக. கோவும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூடத் தோண்டுகிறான்.

அப்போது ஊர் திரண்டு வருகிறது, போலீசும் கூட வருகிறது. படை ஒன்றும் செய்யவில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ரியோவை இழுக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசி நான்தான், பையனை விடுங்கள் என்று பெரியவர் வெளியே வருகிறார். ஒரு போலீஸ்காரர் சுடுகிறார். பெரியவர் சாக, அவர் அடக்கி வைத்திருந்த ராட்சசன் விடுபட்டு எழுகிறான். ஐந்து நிமிடம் முன்பு கொலைக்கு நின்ற அதே ஜனங்கள், காப்பாற்று என்று கோவிடம் கெஞ்சுகிறார்கள்.

இதை எழுதியவர் உஎஹாரா ஷோஸோ. ஒகினாவாவின் நஹாவில் 1937இல் பிறந்தவர். இந்த அத்தியாயம் ஒளிபரப்பானபோது ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. அங்கிருந்து ஜப்பான் பெருநிலத்துக்கு வரவே பயண ஆவணம் வேண்டும். கனயாமா என்ற பெயரிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. ஜப்பானில் வாழ்ந்த கிம் என்ற குடும்பப்பெயர்க்காரர்களான கொரியர்கள் தங்களை மறைத்துக்கொள்ள எடுத்துக்கொண்ட ஜப்பானியப் பெயர்களின் சாயல் அதில் உண்டு. கதையின் பின்னால் இருப்பது 1923 செப்டம்பர் 1இல் தோக்கியோ பகுதியைத் தரைமட்டமாக்கிய பூகம்பமும் அதன்பின் நடந்த படுகொலையும். கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. தெருவுக்குத் தெரு காவல்குழுக்கள் முளைத்தன. போகிறவர் வருகிறவரை நிறுத்தி, பதினைந்து யென் ஐம்பது சென் என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். கொரிய நாக்குக்கு அந்த ஒலி சரியாக வராது. வராதவர்களைக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள்.

தமிழருக்கு இது புதிய கதை இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தப்பியவர்களின் நினைவுகளில் இதே சோதனை வருகிறது. வாளியைக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்பார்களாம். தமிழ் நாக்கு அந்தச் சொல்லில் இடறும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

1923இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 6ஆம் தேதி ஃபுகுதா என்ற கிராமத்தில், ககாவா மாநிலத்திலிருந்து மருந்து விற்க வந்த ஒரு கூட்டத்தை ஊர்க்காரர்கள் மறித்தார்கள். வட்டார வழக்கு விளங்காததால் கொரியர்கள் என்று சந்தேகப்பட்டு ஒன்பது பேரைக் கொன்றார்கள். சிறுபிள்ளைகளும் கர்ப்பிணியும் அதில் அடக்கம். எல்லாரும் ஜப்பானியர்கள். இதைக் கேட்டதும் நம் வாயில் தானாக வருகிற வார்த்தை, 'ஐயோ, தப்பா நெனச்சிட்டாங்களே.' அந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். தப்பாக நினைத்தார்கள் என்றால், சரியாக நினைத்திருந்தால் பரவாயில்லையா? அந்த ஒன்பது பேர் உண்மையிலேயே கொரியர்களாக இருந்திருந்தால் கணக்குச் சரியாகிவிடுமா?

நான் பொறியாளன். ஆலையில் தினமும் பார்க்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு பாகம் அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க கேஜ் வைத்திருப்போம். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் கழிவுப் பெட்டி. நல்ல பாகம் கழிவில் விழுந்துவிட்டால் கேஜைத் திருத்துவோம். அதில் தவறில்லை, பாகம் இரும்பு. மனிதர்களை இப்படிப் பிரிக்கிறபோது, கேஜ் சரியாக வேலை செய்கிறதா என்ற கேள்வியிலேயே நாம் நின்றுவிடுகிறோம். கழிவுப் பெட்டி எதற்கு இருக்கிறது என்று கேட்பதில்லை.

கோ முதலில் செய்வதும் கேஜைத் திருத்துகிற வேலைதான். பையன் பிறந்த ஊர் எது, பெற்றோர் யார் என்று தேடிப்பிடித்து அவன் மனிதன் என்று நிரூபிக்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வாதத்தின் அடியில், இவன் வேற்றுக்கிரகவாசியாக இருந்தால் மட்டும் நீங்கள் செய்தது சரி என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. பக்கத்திலேயே உண்மையான வேற்றுக்கிரகவாசி ஒருவர் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். ரியோவைக் காப்பாற்றுகிற வாதத்தில் அவருக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை கிளாங்குக்கு வந்துவிட்டது.

'பெண்டாத்தாங்' என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழர் யாராவது இருப்பார்களா என்று தெரியவில்லை. வந்தேறி. அதற்கு நம்மிடம் மனப்பாடமான பதில் உண்டு. ரப்பர்க் காடுகளை வெட்டித் திருத்தியது எங்கள் பூட்டன். தண்டவாளம் போட்டது எங்கள் ஆட்கள். 1886இல் கோலாலம்பூருக்கும் கிளாங்குக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸின் ரயில்வே குவார்ட்டர்ஸ்வரை எங்கள் வியர்வை. நாங்கள் இங்கேயே பிறந்தவர்கள், நீல ஐ.சி. வைத்திருப்பவர்கள். இதெல்லாம் உண்மை. அடுத்த தடவை யாராவது அந்தச் சொல்லை வீசினால் நானும் இதைத்தான் சொல்வேன். வரலாறு மறைக்கப்படுகிறபோது அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அது கோவின் வாதம். நான் வேற்றுக்கிரகவாசி இல்லை என்கிற வாதம். அதை மட்டும் கையில் வைத்திருந்தால், உண்மையிலேயே நேற்று வந்தவன் நம் முன்னால் நிற்கும்போது நம்மிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. நாமே அந்தச் சொல்லை எடுத்து அவன்மீது வீசவும் தடை இருக்காது.

வீசிக்கொண்டுதான் இருக்கிறோம். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவில், ரோஹிங்கியா மக்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி இணையத்தில் மனுக்கள் குவிந்தன. அவர்களின் தலைவர் ஒருவர் குடியுரிமை கேட்டார் என்று செய்தி பரவியது. நான் அப்படிக் கேட்கவில்லை என்று அவர் மறுத்ததை யாரும் காதில் வாங்கவில்லை. மே 1ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த அடுக்குமாடிகளின் அருகே, குடிநுழைவுத் துறை ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றியது. என் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அன்று கைதட்டல் படங்கள் வந்தன. ஒரு பாட்டியைத் தெரியும். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், சாகும்வரை சிவப்பு ஐ.சி.யோடு இருந்தவர். அவர் பேரனும் கைதட்டியிருந்தான்.

இதை அவனுடைய கெட்ட குணம் என்று நான் நினைக்கவில்லை. பயம் என்றுதான் தோன்றுகிறது. 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் கலவரம் வந்தபோது எனக்கு நாலு வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். இந்தப் பக்கம் வருகிறார்களாம், அந்தப் பக்கம் வெட்டினார்களாம் என்று தொலைபேசியில் வந்த பேச்சை நம்பி, கிளாங்கில் இருந்த எங்கள் வீட்டில்கூட இரவெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம். அந்தக் கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அப்படி ஓர் இருட்டில் உட்கார்ந்த சமூகத்துக்கு, கூட்டம் வேறு யாரையாவது துரத்துகிறது என்று தெரிந்தால் ஒரு நிம்மதி வரும். இந்தத் தடவை நாம் இல்லை என்கிற நிம்மதி. கூட்டத்தோடு சேர்ந்து நின்றால் இன்னும் பத்திரம்.

கதையில் கோவின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான், மறுபக்கத்திலிருந்து. ராட்சசன் ஊரை இடிக்கிறான். கோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இதை வரவழைத்தது நீங்கள்தானே, பெரியவரின் கோபம்தான் ராட்சசனாகி வந்திருக்கிறது என்று அவன் மனசு சொல்கிறது. அவனுடைய படைத்தலைவர், பிச்சை வாங்கும் புத்தத் துறவி வேடத்தில் வந்து, ஊர் படுகிற பாடு உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார். கோ எழுந்து போகிறான். கொட்டும் மழையில் சண்டை நடக்கிறது, ராட்சசன் சாகிறான். அதில் வெற்றியின் ருசி துளியும் கிடையாது.

கொலைகாரக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பெரிய கேள்வி என்று பல ரசிகர்கள் எழுதுகிறார்கள். வேண்டும் என்பதுதான் என் பதில், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த ஊரில் சுட்டவன் இருக்கிறான், கத்தியவன் இருக்கிறான், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தவன் இருக்கிறான், தொட்டிலில் தூங்குகிற குழந்தையும் இருக்கிறது. ஊரை மொத்தமாகக் குற்றவாளியாக்கி இடிபடட்டும் என்று விடுகிறவன், ரியோவுக்கு அந்த ஊர் செய்த கணக்கைத்தான் திருப்பிச் செய்கிறான். ஆனால் அல்ட்ராமேனால் தீர்க்க முடிந்தது ராட்சசனை மட்டும்தான். ஒரு ஊர் எப்படிக் கூட்டமாக மாறுகிறது என்பதற்கு அவர் கையில் ஒளிக்கதிர் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதில் போல ஏதாவது இந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்றால், அது அந்த ரொட்டிக்கடைக் காட்சியில்தான்.

ரியோ கடைக்கு ரொட்டி வாங்கப் போகிறான். கடைக்கார அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறார். அவர் கெட்டவர் மாதிரி தெரியவில்லை. அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்கிற பயம். பையன் மழையில் திரும்பி நடக்கிறான். கடையிலிருந்து ஓர் இளம்பெண் பின்னாலேயே ஓடிவந்து ரொட்டியை நீட்டுகிறாள். எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம் என்கிறான் அவன். இரக்கமெல்லாம் இல்லை, விற்கிறேன், நாங்கள் ரொட்டிக்கடை வைத்திருக்கிறோமே என்கிறாள் அவள். அவ்வளவுதான். பையன் முகம் மலர்கிறது. அந்த முகம் சிரிப்பது இந்த அத்தியாயத்தில் மிக அபூர்வம்.

இரண்டாம் தடவை பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது அவள் கேட்காமல் விட்ட கேள்வி. நீ யார், உண்மையிலேயே வேற்றுக்கிரகவாசியா என்று அவள் கேட்கவே இல்லை. கோவைப் போல விசாரித்து நிரூபணம் கண்டுபிடித்தபின் ரொட்டி தரவில்லை. அவன் யாராக இருந்தாலும் வாங்க வந்தவன், இவள் விற்கிறவள். அவளுடைய நியாயத்தில் கேஜே இல்லை.

திருக்குறளில் ஒப்புரவறிதலும் ஈகையும் அடுத்தடுத்த அதிகாரங்கள், 22உம் 23உம். பள்ளியில் படிக்கும்போது இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு அதிகாரம் என்று தோன்றும். ஈகையில் தருபவன் இருக்கிறான், இல்லாதவன் இருக்கிறான். கை ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழ்கிற முறை, ஊர்ப் பொதுக் குளம் மாதிரி. குளத்தில் தண்ணீர் மொள்ளுகிறவன் யாருக்கும் கடன்படுவதில்லை. அறிஞர்கள் இதற்கு இன்னும் நுணுக்கமாக உரை சொல்வார்கள். என் சிற்றறிவுக்கு, அந்தப் பெண் செய்தது இரண்டாவது வகை. ஈகையாகத் தந்திருந்தால் ரியோ ரொட்டியைத் தின்றிருப்பான், ஆனால் அவன் ஊருக்கு வெளியே நிற்கிறவன்தான் என்பது அதிலும் உறுதியாகியிருக்கும். விற்கிறேன் என்றபோது, அந்தத் தெருவில் ரொட்டி வாங்குகிற நூறு பேரில் ஒருவனாக அவனைச் சேர்த்துவிட்டாள்.

நம்மிடையே நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட வெளிநாட்டுத் தொழிலாளர்களை இரக்கத்தின் வழியாகத்தான் அணுகுகிறோம். தீபாவளிக்குப் பொட்டலம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆலையில் வேலை பார்க்கிற பங்ளாதேஷ் பாய் ஒருவரிடம் இந்த ஊரில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டேன். ஏதாவது கடற்கரையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முடிதிருத்தும் கடை ஒன்றைச் சொன்னார். ஏன் என்றதற்கு, 'அங்க வரிசையில உக்காருவேன். என் முறை வந்தா கூப்பிடுவாங்க' என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இலை எடுக்கிற தமிழ்நாட்டுப் பையன்களையும் யோசித்துப் பார்க்கலாம். அதே மொழி, அதே சாமி, பாஸ்போர்ட் மட்டும் வேறு. நாம் அவர்களை எப்படி விளிக்கிறோம்? 'அண்ணே' என்றா, 'டேய் ஊர்க்காரா' என்றா? அந்த விளியில் இருக்கிறது நாம் ரொட்டிக்கடையா, கூட்டமா என்பது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தப் பெண் ரொட்டி விற்றதால் என்ன நடந்துவிட்டது? பெரியவர் செத்துத்தானே போனார்? உண்மை. ஒரு ரொட்டி துப்பாக்கியை நிறுத்தாது. அவளுடைய நியாயம் ஊர் முழுக்க இருக்க வேண்டும் என்றால் சட்டமும் அதற்கு இடம் தர வேண்டும். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டுமே இங்கே ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கிற அட்டை வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. உழைத்துச் சம்பாதித்து வாங்க முடியாத மனிதன் ஒன்று பிச்சைக்காரனாக வேண்டும், இல்லை குற்றவாளியாக வேண்டும். விற்கிறேன், வாங்கு என்கிற சாதாரண உறவையே சட்டம் அடைத்துவிடுகிறது. பிறகு, இவர்கள் கைநீட்டுகிறார்கள், திருட்டு வேலை செய்கிறார்கள் என்று அதே ஊர் புகார் சொல்கிறது. எனவே அந்தப் பெண்ணின் வாக்கியத்தைத் தனிமனித நல்ல குணமாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. அது ஒரு கோரிக்கையும்கூட.

இன்னொரு மறுப்பு, கதையின்மேலேயே வைக்க வேண்டியது. கனயாமா நல்லவர். நோயாளி. அனாதையை வளர்த்தவர். அதனால் நமக்கு அழுகை எளிதாக வருகிறது. அவர் சிடுமூஞ்சியாக, குடிகாரராக இருந்திருந்தால்? உஎஹாரா அந்தக் கடினமான கதையை எழுதவில்லை. வந்தவன் நல்லவனாக இருந்தால் வாழ விடுவோம் என்பதும் ஒரு கேஜ்தான். தப்புச் செய்தவனைத் தப்புக்காகப் பிடித்துத் தண்டிக்கலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது. வந்தவன் என்பதற்காகவே நல்லவனாக இருந்து காட்டச் சொல்ல முடியாது. இந்தச் சோதனை நமக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. விசுவாசம் காட்டு, நன்றி காட்டு, தேசிய மொழியைச் சரியாக உச்சரி என்று. அதன் களைப்பு நமக்குத் தெரியும்.

கடைசிக் காட்சியில் ரியோ மறுபடி தோண்டிக்கொண்டிருக்கிறான். பெரியவர் இல்லை, விண்கலம் கிடைக்கவில்லை. எதுவரை தோண்டுவான் என்று கோவின் சக வீரர் கேட்கிறார். விண்கலம் கிடைக்கும்வரை, அவன் பூமியை விட்டே போக விரும்புகிறான் என்கிறான் கோ.

பூமியை விட்டுப் போக நினைக்கிற இந்தப் பையன் பூமியில் பிறந்தவன். பிறந்த ஊர், அப்பா அம்மா விவரம் எல்லாம் கோவின் விசாரணையில் சரியாகவே கிடைத்தன. அந்த நிரூபணத்தால் அவனை ஒரு நாள்கூட இங்கே நிம்மதியாக இருக்கவைக்க முடியவில்லை. அந்தத் தெருவில் அவனுக்கு ரொட்டி விற்கிற கடைகள் இன்னும் நாலைந்து இருந்திருந்தால் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்திருப்பானோ என்னவோ.